பள்ளிக்கு லீவு விட்டால் ஓ பேருக்கு வேலை கூடும்

ஜெர்மனிக்கு ஓ பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவராக, கிளம்பும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அக்கா, குளிர் தாங்குமா? அரிசி கிடைக்குமா? ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மனை வைத்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தையுடன் எப்படிப் பேசுவது? இதற்கெல்லாம் பதில் சுலபம். குளிர் தாங்கும், அரிசி கிடைக்கும், மொழியை அந்தக் குழந்தையே சொல்லிக்கொடுத்துவிடும். ஆனால் முக்கியமான ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அங்கே பள்ளி லீவு எப்போதெல்லாம் வரும், அந்த வாரங்களில் என் வேலை நேரம் என்ன? ஒரு ஓ பேரின் வருடம் நல்லபடியாகப் போகுமா, கசந்து போகுமா என்பது பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

நான் இருந்தது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரைபுர்க் நகரத்துக்கு வெளியே, ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்காட்டின் அடிவாரத்தில் ஒரு ஊர். பள்ளிக்குப் போகும் ஆறு வயதுப் பையன், கிண்டர்கார்ட்டன் போகும் மூன்று வயதுப் பெண், இருவருமே வேலைக்குப் போகும் அப்பா அம்மா. அவர்களோடு ஒரே வீட்டில் தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மொழி படிக்க வேண்டும். 18 வயது நிறைந்து 27 ஆகாதவர்கள் போகலாம், அதிகபட்சம் ஒரு வருடம். விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அவ்வளவுதான். அப்பா அம்மா வெளியே போகும் மாலையில் குழந்தைகளோடு வீட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, நான்கு மாலைகள் நம்முடையவை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக நமக்கு. மாதம் 280 யூரோ பாக்கெட் மணி, மொழி வகுப்புக்குத் தனியாக 70 யூரோ. ஒரு வருடம் இருந்தால் நான்கு வாரம் விடுமுறை, அப்போதும் பாக்கெட் மணி நிற்காது. காப்பீடு குடும்பத்தின் பொறுப்பு.

கிண்டர்கார்ட்டனும் பள்ளியும் திறந்திருக்கும்வரை இந்தக் கணக்கு தானாகவே சரியாக வரும். காலையில் இரண்டு மணி நேரம், மதியத்துக்கு மேல் நான்கு மணி நேரம். லீவு விட்டதும் ஆட்டம் காணும். ஜெர்மனியில் பள்ளிக் குழந்தைகளுக்கு வருடத்தில் 12 வாரத்துக்கு மேல் லீவு. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 30 நாள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி லீவு போட்டாலும் முழுதாக ஈடுகட்டுவது கடினம். மிச்ச நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது? மாடியறையில் ஒரு ஓ பேர் இருக்கிறாளே! யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. 'இந்த வாரம் மட்டும் கொஞ்சம்' என்று ஆரம்பிக்கும், ஆறு மணி நேரம் ஒன்பதாகிவிடும். அதனால் ஒவ்வொரு லீவுக்கும் மூன்று வாரம் முன்பாகவே காலண்டரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். யார் எந்த நாள் வீட்டில், என் நேரம் எது, கூடுதல் நேரம் வந்தால் எந்த நாள் எனக்கு ஈடாகக் கிடைக்கும். இதைப் பேசினால் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். ஜெர்மன்காரர்களுக்கு முன்கூட்டித் திட்டம் போடுவது பிடிக்கும். பேசாமல் இருந்துவிட்டு மனதுக்குள் வைத்துக் குமைவதுதான் அவர்களுக்குப் புரியாது.

பெரும்பாலான ஓ பேர்கள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வந்து சேர்வார்கள். அதனால் முதலில் பார்ப்பது இலையுதிர் காலம். பட்டம் விடுவார்கள், பூங்காவில் குதிரைக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்கி வந்து தீக்குச்சியைச் செருகி பொம்மை செய்வார்கள். அந்தக் காய் தின்பதற்கில்லை என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஐபே என்கிற ஊசியிலை மரம். சிவப்பாக, ஜெல்லி போல, குழந்தை கை நீட்டும்படியாகப் பழம் பழுத்திருக்கும். உள்ளே இருக்கும் விதை கடுமையான விஷம். வேலியோரங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நிறைய இருக்கும். ஃப்ரைபுர்க்கில் விஷ முறிவுத் தகவல் மையம் ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, எண் 0761 19240. அதையும், ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்குமான 112, போலீசுக்கான 110 இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். கூடவே வீட்டு முகவரியை ஜெர்மனில் தடங்கலில்லாமல் சொல்லப் பழகுங்கள். பதற்றத்தில் முதலில் மறப்பது தெருப் பெயர்தான்.

நவம்பர் 11 சாங்க்ட் மார்ட்டின். குழந்தைகள் காகித லாந்தரைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம் போவார்கள். சில ஊர்களில் சிவப்பு மேலங்கி போட்ட ஒருவர் குதிரையில் முன்னால் வருவார். எனக்கு அந்த ஊர் ஒட்டிக்கொண்டது அந்த மாலையில்தான். தீபாவளி முடிந்த கையோடு வீட்டு ஞாபகம் வாட்டிக்கொண்டிருந்த சமயம், தெரு முழுக்கக் குழந்தைகள் விளக்கோடு நடந்தால் வேறு என்ன வேண்டும்? இருட்டில் கூட்டத்தோடு போகும்போது பிள்ளைக்கு ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை போட்டுவிடுங்கள். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை பள்ளிக்குப் போகும் வழியிலும் அது வேண்டும். டிசம்பர் கடைசியில் ஃப்ரைபுர்க்கில் சூரியன் உதிப்பது எட்டே காலுக்கு, மறைவது நாலரைக்கு.

குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது போல மூன்று வயதுக் குழந்தையைப் பனிக்கு உடுத்திவிட முடியாது. முதலில் கழிவறை. இதை மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். பிறகு காலோடு ஒட்டிய உள்ளாடை, கம்பளிச் சட்டை, அதன்மேல் பனிக் காற்சட்டை. பூட்ஸை மாட்டிய பிறகு காற்சட்டையின் அடியில் இருக்கும் ரப்பர்ப் பட்டையை அதன் அடிப்பாகத்தில் இழுத்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே ஏறும். அடுத்து ஜாக்கெட், தொப்பி. கையுறை கடைசியில், அதுவும் ஜாக்கெட் கையை அதன்மேல் இழுத்துவிட வேண்டும். கழுத்துக்கு நீளமான மஃப்ளர் வேண்டாம், தலை வழியாகப் போடும் குழாய் மாதிரியான துணி போதும். சறுக்கு மரத்தில் நீளத்துணி சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். சைக்கிள் ஹெல்மெட்டையும் விளையாட்டுத் திடலில் ஏறும் முன் கழற்றிவிட வேண்டும். ஏணிக் கம்பிகளுக்கு நடுவே உடம்பு நுழைந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு குழந்தை தொங்கிவிடும் ஆபத்து உண்டு. இது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

காரில் இதற்கு நேர் எதிர். தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையை இருக்கையில் உட்கார வைத்துப் பட்டையைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். மோதல் நடந்தால் ஜாக்கெட் அமுங்கிவிடும், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையை நெஞ்சோடு இழுத்துப் பூட்டி, மேலே போர்வை போர்த்திவிடுங்கள். 12 வயது ஆகும்வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, குழந்தை இருக்கை கட்டாயம். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று சலுகை கிடையாது. உங்களுக்கு வண்டி ஓட்டத் தயக்கமாக இருந்தால் பனியில் ஓட்டச் சம்மதிக்காதீர்கள். மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டிசம்பர் வந்தால் வீடு முழுக்க மெழுகுவர்த்திதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவர்த்திகள், ஊசியிலைக் கிளைகளால் செய்த வளையத்தில். முதல் வாரத்தில் அந்தக் கிளைகள் ஈரமாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் காய்ந்து, ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். சில குடும்பங்கள் மரத்திலேயே நிஜ மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். பெரியவர்கள் இல்லாத நேரத்தில் நான் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றியதில்லை. பிள்ளைகள் கெஞ்சினாலும் இல்லை. அதை வீட்டம்மாவிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன், அவருக்கும் நிம்மதி.

டிசம்பர் 6 நிக்கோலாவுஸ். முந்தின இரவு பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால் காலையில் கொட்டையும் மாண்டரின் ஆரஞ்சும் சாக்லேட்டும் இருக்கும். ஓ பேரின் பூட்ஸும் வரிசையில் இருக்க வேண்டும், வைத்துவிடுங்கள். பெரிய நாள் 24ஆம் தேதி மாலை. கடைகள் மதியமே மூடிவிடும், 25, 26 இரண்டும் அரசு விடுமுறை, ரயிலும் பேருந்தும் குறைவு. இந்த மூன்று நாட்களும் அங்கே முழுக்கக் குடும்பத்துக்கானவை. உங்களை அழைப்பார்கள், சில வீடுகளில் அழைக்கவும் மாட்டார்கள். இரண்டுமே நடக்கும். நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள்: 24 அன்று நான் உங்களோடு இருக்கிறேனா, தாத்தா பாட்டி வீட்டுக்கு நீங்கள் போனால் நான் எங்கே? தனியாக இருக்கப் போகிறீர்கள் என்றால் மொழி வகுப்பில் அதே நிலைமையில் இன்னும் நாலு பேர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சாமானை 23ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். அந்த மாலையில் பூட்டிய ஊரில் ஒரு பெண் தனியாக அறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

புத்தாண்டு இரவு சத்தம் நம் தீபாவளியை ஞாபகப்படுத்தும். வித்தியாசம் என்னவென்றால் நாம் வெடித்துப் பழகியவர்கள் என்று நினைத்து உங்கள் கையில் கொடுத்துவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். ராக்கெட்டும் பெரிய வெடியும் அங்கே 18 வயதானவர்களுக்குத்தான். குழந்தைகள் உங்கள் பொறுப்பில் இருந்தால் ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்ப்பதே போதும். குடித்துவிட்டு பாட்டிலில் ராக்கெட் விடுகிற கூட்டம் ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். ராஜா வேஷம் கட்டிய பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக் காசு சேர்த்து, கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் போவார்கள். அதோடு பண்டிகை முடிந்தது. அப்புறம் வருகிற வாரங்கள்தான் கஷ்டம். பொங்கல் சாதாரண வேலை நாளில் வரும், வானம் சாம்பல் நிறம், வீட்டிலிருந்து வீடியோவில் கரும்பைக் காட்டுவார்கள். தூக்கம் கெட்டால், காரணமில்லாமல் அழுகை வந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் வெளியே நடங்கள், மொழி வகுப்பை விடாதீர்கள், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போங்கள். அவசரம் இல்லாத ஆனால் காத்திருக்கவும் முடியாத உடல்நலச் சிக்கலுக்கு 116117 என்ற எண் இருக்கிறது. நோயில் படுத்தாலும் பாக்கெட் மணி பிடிக்கக் கூடாது.

பிப்ரவரியில் ஃபாஸ்நெட் என்கிற வேஷத் திருவிழா. மரத்தில் செதுக்கிய முகமூடிகளோடு சூனியக்காரி வேஷக்காரர்கள் தெருவில் வருவார்கள், குழந்தைகள் தலையில் காகிதத் துணுக்குகளைத் தேய்ப்பார்கள். சின்னவள் பயத்தில் என் கோட்டுக்குள் புகுந்துகொண்டாள். கூட்டத்தில் கையை விடாமல் இருந்தால் போதும். மாலைக்கு மேல் அது பெரியவர்களின் குடித் திருவிழா. தோழிகளோடு போனால் போன தோழிகளோடே திரும்புங்கள், உங்கள் கோப்பையை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

இந்தக் காலத்தில்தான் பனிச்சறுக்குப் பயணங்களும் வரும். என் மொழி வகுப்புத் தோழி ஒருத்தியை ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு வாரம் அழைத்துப் போனார்கள். குடும்பம் சறுக்கப் போய்விடும், இவள் ஒன்றரை வயதுக் குழந்தையோடு விடுதி அறையில். திரும்பி வந்ததும் அந்த வாரத்தை அவளுடைய விடுமுறையில் கழித்துவிட்டார்கள். இது செல்லாது. குடும்பத்தோடு போகும் பயணத்தை ஓ பேரின் விடுமுறையாக எண்ண வேண்டுமானால் அங்கே அவள் கூடவே இருக்க வேண்டிய கட்டாயமும், சொல்லிக்கொள்ளும்படியான வேலையும் இருக்கக் கூடாது. தோழி தன்னை அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்ட ஏஜென்சியிடம் சொன்னாள், அவர்கள் பேசி அந்த வாரத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். ஏஜென்சி இல்லாமல் நேராகக் குடும்பத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு இப்படிப் பேச ஆள் இருக்காது. அதனால்தான் ஏஜென்சி வழியாகப் போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வசந்தத்தில் சொல்ல வேண்டியது உண்ணி. ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் கிட்டத்தட்ட முழுவதுமே உண்ணி வழியாக மூளைக்காய்ச்சல் பரவும் பகுதி. அந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, முழுப் பாதுகாப்புக்கு மூன்று தவணை, குளிர்காலத்திலேயே ஆரம்பிப்பது நல்லது. செலவை யார் ஏற்பது என்று காப்பீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள். உண்ணியால் வரும் லைம் நோய்க்குத் தடுப்பூசி இல்லை. காட்டிலிருந்தோ புல்வெளியிலிருந்தோ வந்தால் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தேடிப் பார்க்க வேண்டும். தலைமுடி ஓரம், காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு. எள்ளளவு கறுப்புப் புள்ளியாகத்தான் இருக்கும், தடவினால் நகராது. எண்ணெய் விடுவது, சூடு காட்டுவது எதுவும் கூடாது. கூர் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுக்க வேண்டும். கடித்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, தேதி குறித்து, பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த வாரங்களில் அங்கே சிவப்பு வளையம் பரவினால் டாக்டர் பார்க்க வேண்டும். காட்டில் பூண்டு மணத்தோடு பேர்லாவுக் கீரை பறிப்பார்கள். அதன் இலை போலவே இருக்கும் விஷச் செடிகள் பக்கத்திலேயே முளைக்கும். தெரிந்தவர் கூட இல்லாமல் பறிக்க வேண்டாம்.

இனி கோடை, எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். இந்த மாநிலத்தில் கோடை லீவு ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் இரண்டாவது வாரம் வரை போகும். ஊருக்கு ஊர் ஃப்ரைபாட் எனப்படும் திறந்தவெளி நீச்சல்குளம், ஏரிகள், பக்கத்தில் ரைன் நதி. ஜெர்மன் குடும்பங்கள் குளத்துக்குப் போவதைக் கடைக்குப் போவது போல நினைக்கும். நம்மில் எத்தனை பெண்களுக்கு நீச்சல் தெரியும்? கிராமத்துக் கிணற்றில் பழகியவர்களை விட்டால் ரொம்பக் குறைவு. தெரியாது என்றால் விண்ணப்பத்திலேயே தெரியாது என்று எழுதுங்கள், வந்த பிறகும் சொல்லுங்கள். நீந்தத் தெரியாதவளை இரண்டு குழந்தைகளோடு ஏரிக்கு அனுப்புவது தவறு என்று அவர்களுக்கே தெரியும், நாம் சொன்னால்.

குழந்தைக்கு ஸேஃபெர்ட்ஷென் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். கடல்குதிரை படம் போட்ட பேட்ஜ், நீச்சலுடையில் தைத்திருக்கும். கரையிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்தி, தோளளவு தண்ணீரிலிருந்து ஒரு பொருளைக் கையால் எடுத்தால் கிடைக்கும். அதை நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள். ஜெர்மனியின் உயிர்காப்புச் சங்கமான டிஎல்ஆர்ஜி, 1913இல் தொடங்கியது, வெண்கலப் பேட்ஜ் வாங்கிய பிள்ளையைத்தான் பத்திரமாக நீந்தத் தெரிந்ததாக எண்ணுகிறது. அதற்கு 15 நிமிடம் நீந்த வேண்டும், அதில் 200 மீட்டராவது கடக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, கை ஆட்டாது, சத்தமில்லாமல் கீழே போய்விடும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுக்குத்தான். சின்னவள் தண்ணீரில் இருந்தால் நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இடுப்பளவு நீரில் நின்றேன். போன் பையில். ரைன் நதியில் இறங்கவே இல்லை. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு பலம், கப்பல் போனால் எழும் அலை கரையிலிருப்பவரையும் இழுத்துவிடும். காவல் உள்ள ஏரிகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாகக் கொடி பறந்தால் காவலர் இருக்கிறார், வெறும் சிவப்பு என்றால் யாருமே இறங்கக் கூடாது.

உங்களுடைய சொந்தப் பாதுகாப்பைப் பற்றி ஒன்றிரண்டு. பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் உங்களிடமே இருக்க வேண்டும், 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்களுக்கென்று தனி அறை வேண்டும், விளையாட்டு அறையின் சோபா அறையாகாது. யாராவது அத்துமீறினால், அது வீட்டு ஆளாக இருந்தாலும், 116 016 என்ற எண் பெண்களுக்காக எந்நேரமும் இலவசமாக இருக்கிறது, ஆங்கிலத்திலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. வழக்கமாக ஒப்பந்தத்தில் 14 நாள் முன்னறிவிப்பு இருக்கும், மோசமான நிலையில் உடனேயே வெளியேறலாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெரிவித்து, மிச்சமிருக்கும் மாதங்களை வேறு வீட்டில் முடிக்கலாம். ஊரில் அம்மா அப்பாவுக்கு அவமானம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் நான்கு வாரம். ஜெர்மன் வதிவிட அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். ஃப்ரைபுர்க்கிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், பிரான்சின் கோல்மாரும் ஸ்ட்ராஸ்பூர்க்கும் அரை நாள் பயணத்துக்குள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற மாதப் பாஸ் இப்போது விலை ஏறியிருந்தாலும், உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் நாடு முழுக்கப் போக அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த விடுமுறையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். செப்டம்பரில் வந்தவளின் வருடம் முடிவது கோடை லீவில், குடும்பத்துக்கு அவள் மிகவும் தேவைப்படும் வாரங்களில். அப்போது லீவு கேட்டால் முகம் வாடும், கேட்காவிட்டால் விசா முடிந்து நாட்கள் வீணாகும். இரண்டு வாரத்தை மே மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். மீதியைக் கோடையின் எந்த வாரத்தில் எடுப்பது என்று ஈஸ்டருக்கு முன்பே எழுதி, வீட்டம்மாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.